தானம் கொடுத்த மாட்டின் பல்

போன மாசம் ஒரு சனிக்கிழமை. ஸ்கார்பரோவில் ஒரு சமூகக் கூடத்தில் குளிர்காலத் துணி சேகரிக்கிறாங்கன்னு நண்பர் ஒருத்தர் சொன்னார். நாட்டுக்குப் புதுசா வந்து இறங்கியிருக்கிற அகதிக் குடும்பங்களுக்காம். நானும் அலமாரியைக் குடைஞ்சு, டொராண்டோ வந்த புதுசுல வாங்கின ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். மனசுக்குள்ள லேசா ஒரு கர்ணன் ஃபீலிங் வேற :-)

மேஜைக்குப் பின்னால் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்கார அம்மா. ஜாக்கெட்டை வாங்கி, கையை விரிச்சுப் பார்த்து, ஜிப்பை மேலே இழுத்தார். பாதியில் நின்னுது. திரும்ப இழுத்தார். திரும்பவும் அங்கேயே நின்னுது. கோபமே இல்லாம என்னைப் பார்த்து, "மைனஸ் இருபதுல இதைப் போட்டுக்கிட்டு நீங்க பஸ் ஸ்டாப்ல நிப்பீங்களா?"ன்னு கேட்டார்.

நிக்க மாட்டேன். அதனாலதானே கொண்டு வந்தேன்!

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதே'ன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. வாங்குறவங்க பார்க்கக் கூடாது, சரி. ஆனா கொடுக்கிறவன் பார்க்கணுமா வேண்டாமா? பழமொழி அதைப் பத்தி வாயே திறக்கலை. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரமா பழைய துணி மலை மலையாக் குவிஞ்சு கிடந்தது ஞாபகம் இருக்கா? அத்தனையும் யாரோ 'தானம்' பண்ணினதுதான்.

ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டு அசடு வழிய வீட்டுக்கு வந்தேன். இந்த ஊர்க்காரங்க அகதிகளுக்குக் கொடுக்கிற பழக்கத்தை எங்கே கத்துக்கிட்டாங்கன்னு நோண்ட ஆரம்பிச்சு, ரெண்டு மூணு வாரம் அதுலயே ஓடிப் போச்சு. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயோட உட்காருங்க.

907 பேர்

கனடான்னாலே அகதிகளை வாரி அணைக்கிற நாடுன்னு ஒரு பிம்பம் இருக்கு. எப்பவும் அப்படி இல்லை.

1939 மே மாசம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்து 'செயின்ட் லூயிஸ்' கப்பல் கிளம்புது. உள்ளே 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகள். கியூபா இறங்க விடலை. அமெரிக்கா கதவைச் சாத்திருச்சு. கனடாவும் கேட்டதுக்கு முடியாதுன்னு சொல்லிருச்சு. 907 பேரோட கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிச்சு. அதில் 254 பேர் பிறகு நாஜிகளின் இனப்படுகொலையில் செத்துப் போனாங்க. 1933-ல் இருந்து 1945 வரைக்கும் கனடா உள்ளே விட்ட யூத அகதிகள் சுமார் 5,000 பேர்தான். அப்போ குடியேற்றத் துறைக்குத் தலைவரா இருந்த ஃப்ரெட்ரிக் பிளேர்தான் இந்தக் கெடுபிடியின் முகம். இதுக்காகக் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2018-ல். ஏறக்குறைய 80 வருஷம் கழிச்சு!

இந்தக் கதையை ஆவணங்களில் இருந்து தோண்டி எடுத்தவங்க இர்விங் அபெல்லா, ஹெரால்டு ட்ரோப்பர்னு ரெண்டு வரலாற்றுப் பேராசிரியர்கள். அவங்க புத்தகம் 1982-ல்தான் அச்சுல வந்தது. ஆனா 1979-லேயே அந்த ஆய்வு அப்போதைய குடியேற்றத் துறை அமைச்சர் ரான் ஆட்கி மேஜைக்குப் போயிருச்சு. அந்த நேரம் அவர் முன்னாடி இருந்த கேள்வி, வியட்நாம் படகு மக்களை எத்தனை பேர் எடுக்கிறது என்பது. பிளேர் மாதிரி வரலாற்றுல பேர் வாங்க விரும்பலைன்னு பின்னாளில் ஆட்கியே சொல்லியிருக்கார். வரலாறு படிச்சு என்ன கிழிக்கப் போறேன்னு கேக்கிறவங்க இதைக் கொஞ்சம் நோட் பண்ணிக்கங்க.

1979, அந்த ஒரு கோடை

1975-ல் சைகோன் வீழ்ந்தது. அதுக்கப்புறம் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூணு நாட்டிலிருந்தும் மக்கள் தப்பி ஓட ஆரம்பிச்சாங்க. 1978 நவம்பர்ல 'ஹாய் ஹாங்'னு ஒரு ஓட்டைக் கப்பல் சுமார் 2,500 பேரோட மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே நின்னுச்சு. மலேசியா இறக்க மாட்டேன்னுது. அதிலிருந்து 604 பேரைக் கனடா எடுத்துக்கிச்சு. இந்தக் கப்பல் படம் டிவி வழியா வீட்டு ஹாலுக்கே வந்தது.

1979 ஜூன்ல ஜோ கிளார்க் அரசு அந்த வருஷத்துக்கு 12,000 பேரை எடுக்கிறதா அறிவிச்சது. 8,000 பேர் அரசு செலவு, 4,000 பேரைப் பொதுமக்கள் ஏத்துக்கணும். அப்போ நடந்த ரெண்டு சந்திப்புகளைச் சொல்லியே ஆகணும்.

ஒண்ணு, டொராண்டோவில். யார்க் பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக் கொடுத்த ஹோவர்டு அடெல்மன் ஜூன் 24-ம் தேதி தன் வீட்டுக்குச் சில பேரைக் கூப்பிட்டார். திட்டம் ரொம்ப சிம்பிள். எல்லாருமா சேர்ந்து அமைச்சருக்கு ஒரு கண்டன லெட்டர் எழுதறது. (நாமளும் அதைத்தானே செய்றோம், பதிவா!) கூட்டத்துக்குக் குடியேற்றத் துறை அதிகாரிகள் ரெண்டு பேரும் வந்திருந்தாங்க. அவங்க சொன்னதோட சாரம்: லெட்டர் எழுதறதுக்குப் பதிலா நீங்களே ஆட்களைக் கூட்டிட்டு வரலாமே, சட்டத்துல இடம் இருக்கே. கூட்டத்தோட போக்கே மாறிருச்சு. லெட்டர் எழுத வந்தவங்க பொறுப்பாளிகளாத் திரும்பிப் போனாங்க. சில நாள்ல ஒரு பத்திரிகைப் பத்தி எழுத்தாளர் இதுக்கு 'ஆபரேஷன் லைஃப்லைன்'னு பேர் வச்சு எழுத, நாடு பூரா கிளைகள் முளைச்சுது.

ரெண்டாவது, ஆட்டவாவில். மேயர் மேரியன் டூவர், அடிப்படையில் ஒரு நர்ஸ். 8,000-ல் பாதி இடம் ஏற்கனவே போயிருச்சு, இன்னும் 4,000 பேர்தான் பாக்கின்னு தெரிஞ்சதும், அந்த 4,000 பேரையும் எங்க ஊரே எடுத்துக்கும்னு சொன்னார். 'ப்ராஜெக்ட் 4000'னு பேர் வந்தது அப்படித்தான். ஜூலை 12-ம் தேதி லான்ஸ்டவுன் பார்க்கில் கூட்டம் போட்டாங்க, ஏறக்குறைய 3,000 பேர் வந்தாங்க. நம்ம ஊர் அரசியல் கூட்டத்துக்கு இது ஒரு எண்ணிக்கையே இல்லை. ஆனா இங்கே பிரியாணிப் பொட்டலமும் கிடையாது, லாரியும் கிடையாது. வீட்டைத் திறந்துவிட, பணம் போட, கட்டில் கொடுக்க அவங்களா வந்த கூட்டம்.

ஜூலை 18-ம் தேதி அரசு எண்ணிக்கையை 50,000 ஆக்கிருச்சு. 1980 முடியறதுக்குள்ள 50,000 பேர். பழைய 8,000 போக, மக்கள் 21,000 பேரை ஏத்துக்கிட்டா அரசும் 21,000 பேரை ஏத்துக்கும். நீ ஒண்ணு போடு, நான் ஒண்ணு போடறேன் கணக்கு.

ஐந்து கையெழுத்து

இந்த ஏற்பாடு எப்படி வேலை செஞ்சுதுன்னு பார்த்தா, இன்ஜினியர் மண்டைக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1978-ல் அமலுக்கு வந்த குடியேற்றச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு. வயசு வந்த அஞ்சு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டா ஒரு அகதிக் குடும்பத்தைக் கூட்டிட்டு வரலாம். ஒரு வருஷம், அல்லது அவங்க சொந்தக்கால்ல நிக்கிற வரைக்கும், வீடு, சாப்பாடு, துணிமணி எல்லாம் இவங்க பொறுப்பு. கூடவே சர்ச் மாதிரி பெரிய அமைப்புகள் அரசோட ஒரே ஒப்பந்தமாப் போட்டுக்கலாம். முதல்ல அப்படிப் போட்டது மெனோனைட் கிறிஸ்தவர்களின் அமைப்பு, 1979 மார்ச்ல. அவங்களுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? 1920-களில் ரஷ்யாவிலிருந்து தப்பிக் கனடா வந்த 20,000 மெனோனைட்டுகளோட பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அவங்கள்ல நிறைய பேர். பட்டவனுக்குத்தானே தெரியும்.

இதை நன்கொடைன்னு சொல்றதை விடக் கடன் பத்திரத்துல ஜாமீன் கையெழுத்துப் போடறதுன்னு சொல்லலாம். துணி மூட்டையைக் கொடுத்துட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். ஜாமீன் போட்டவன் வருஷம் பூரா தூங்க முடியாது. பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கணும், பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும், பஸ் மாறுவது எப்படின்னு காட்டணும், வேலை தேடித் தரணும்.

வந்தவங்க நேரா ஸ்பான்சர் வீட்டுக்குப் போகலை. தனி விமானங்கள்ல வந்தவங்களை எட்மன்டன்ல கிரீஸ்பாக், மாண்ட்ரியல்ல லாங் பாயிண்ட்னு ரெண்டு ராணுவ முகாம்கள்ல தங்க வச்சாங்க. மருத்துவப் பரிசோதனை, காகித வேலை, அப்புறம் குளிர்கால உடுப்பு. கோட்டு, பூட்ஸ், கையுறை. வெப்பநாட்டு அகதி முகாம்ல இருந்து ரப்பர் செருப்போட வந்தவங்களுக்கு இந்த நாடு கொடுத்த முதல் பொருள் ஒரு கோட்டு. ஜிப் ஒழுங்கா இருந்திருக்கும்னு நம்புவோம் :-)

எல்லாம் தேனும் பாலுமா ஓடலை. சின்ன ஊர்ல ஒரே ஒரு வியட்நாமியக் குடும்பம், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது, கடையில தெரிஞ்ச காய்கறி கிடையாது. பாசம் முத்திப் போய், இப்படித்தான் செலவு பண்ணணும், இப்படித்தான் பிள்ளை வளர்க்கணும்னு மாமியார் வேலை பார்த்த ஸ்பான்சர்களும் இருந்தாங்க. சில குடும்பங்கள் கொஞ்ச நாள்ல மூட்டை கட்டிக்கிட்டு, தங்கள் மக்கள் இருக்கிற பெரிய நகரத்துக்குப் போயிட்டாங்க. இவ்வளவு செஞ்சோமே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களேன்னு ஸ்பான்சர்களுக்கு வருத்தம். வந்தவங்களுக்கோ, எவ்வளவு நாளைக்குத்தான் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கிறதுன்னு சலிப்பு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

எதிர்ப்பும் இருந்துச்சு. தேசியக் குடிமக்கள் கூட்டணின்னு ஒரு அமைப்பு பத்திரிகைகள்ல விளம்பரமே கொடுத்தது. இவங்க ஒவ்வொருத்தரும் சொந்தக்காரங்களை இழுத்துட்டு வருவாங்க, 50,000 பேர் பல லட்சம் ஆயிடுவாங்கன்னு. எந்த நாட்டுல, எந்த வருஷத்துல பார்த்தாலும் இந்த வசனம் மட்டும் மாறவே மாறாது.

அரசு கொஞ்சம் நழுவிய கதை

இப்போதான் எனக்கு உறைச்ச இடம். மக்கள் 21,000-ஐச் சுலபமாத் தாண்டிட்டாங்க. விண்ணப்பம் குவியுது. அரசு என்ன பண்ணியிருக்கணும்? கூடவே ஏத்தியிருக்கணும். ஆனா 1979 டிசம்பர்ல, மொத்தம் 50,000-க்கு மேல போகாது, மக்கள் கூடுதலா ஏத்துக்கிட்டா அதை அரசு தன் பங்குல கழிச்சுக்கும், மிச்சமாகிற பணம் கம்போடியா நிவாரணத்துக்குப் போகும்னு சொல்லிருச்சு. அதாவது, நீ கூடப் போட்டா நான் குறைச்சுக்கிறேன். தெருத்தெருவா அலைஞ்சு ஆள் சேர்த்த அடெல்மன் போன்றவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! மக்கள் தர்மம் அரசோட கடமைக்கு மேலே ஒரு கூடுதல் அடுக்கா இருக்கணுமே தவிர, கடமைக்கே பதிலா ஆயிடக் கூடாதுன்னு அன்னிக்குக் கிளம்பின வாதம் இன்னிக்கு வரைக்கும் ஓயலை.

1980-ல் ஆட்சி மாறிச்சு. புது அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்தி, அரசு கணக்கில் இன்னும் 10,000 பேரைச் சேர்த்தார். மொத்தம் 60,000. அதில் சுமார் 34,000 பேரைக் கொண்டு வந்தது 7,000-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் குழுக்கள். பாதிக்கு மேல!

இதுக்காக 1986-ல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சென் விருது 'கனடா மக்களுக்கு'ன்னு கொடுக்கப்பட்டது. ஒரு நாட்டு மக்களுக்கே மொத்தமா அந்த விருது போனது அதுதான் முதல் தடவை.

அதே 1986, நம்ம ஆட்கள்

விருது கொடுத்தது நவம்பர்ல. மூணு மாசம் முன்னாடி, ஆகஸ்ட் 11-ம் தேதி, நியூஃபவுண்ட்லாந்து கடல்ல பனிமூட்டத்துக்கு நடுவே ரெண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துச்சு. உள்ளே 155 ஈழத் தமிழர்கள். 1983 ஜூலைக்கு அப்புறம் சிதறிப் போன கூட்டத்தில் ஒரு சிறு துளி. அவங்களை முதல்ல பார்த்தது கஸ் டால்டன்னு ஒரு மீனவர். வலையை விட்டுட்டு ஆட்களை ஏத்திக்கிட்டார், மத்த படகுகளையும் கூப்பிட்டார். செயின்ட் ஜான்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக விடுதியில் தங்க வச்சாங்க. ஊர்க்காரங்க சாப்பாடும் துணியும் கொண்டு வந்து கொடுத்தாங்க. ஒரு வருஷம் தங்கி வேலை பார்க்க அரசு அனுமதி கொடுத்தது.

இந்தியாவிலிருந்து வந்தோம்னு முதல்ல சொன்னவங்க, உண்மையில் மேற்கு ஜெர்மனியில் இருந்து ஒரு சரக்குக் கப்பல்ல வந்து இறக்கிவிடப்பட்டவங்கன்னு சில நாள்லயே வெளியே வந்துச்சு. அவ்வளவுதான். வரிசையில் நிக்காம நுழைஞ்சுட்டாங்கன்னு ஒரே கூச்சல். அடுத்த வருஷம் நோவா ஸ்கோஷியா கரையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், வந்து இறங்கினப்போ அரசு நாடாளுமன்றத்தையே அவசரமாக் கூட்டிருச்சு, சட்டத்தை இறுக்க.

இங்கேதான் முழுக் கதையும் எனக்குப் புரிஞ்சுது. அஞ்சு கையெழுத்து ஏற்பாடு, கடல் கடந்து எங்கேயோ முகாம்ல இருக்கிற ஆளுக்குத்தான். தானே படகுலயோ விமானத்துலயோ வந்து இறங்கி 'அடைக்கலம் கொடுங்க'ன்னு கேக்கிறவனுக்கு அதில் இடம் கிடையாது. அவனுக்காகக் காத்திருக்கிற வீடு இல்லை, ஏர்போர்ட்ல பேர் எழுதின அட்டை பிடிச்சு நிக்கிற ஆள் இல்லை. முதல் ஆளுக்கு விருது, ரெண்டாவது ஆளுக்கு விசாரணை. ரெண்டு பேரும் ஓடி வந்த காரணம் ஒண்ணாவே இருக்கலாம்.

2015 டிசம்பர்ல சிரிய அகதிகளோட முதல் ராணுவ விமானம் டொராண்டோவில் இறங்கினப்போ, பிரதமர் ட்ரூடோவே நின்னு கோட்டு எடுத்துக் கொடுத்தார். நாலு மாசத்துக்குள்ள 25,000-க்கும் மேற்பட்டவங்க வந்தாங்க. 1979-ல் இருந்து மக்கள் ஸ்பான்சர் பண்ணி வந்தவங்க மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல. பெரிய விஷயம், மறுக்கலை. ஆனா 2023 ஜூலைல, இதே டொராண்டோவில், பீட்டர் தெருவில் நகராட்சிப் புகலிட அலுவலகம் முன்னாடி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அடைக்கலம் கேட்டவங்க நடைபாதையில படுத்துக் கிடந்தாங்க. புகலிடங்கள் நிரம்பிருச்சு, மத்திய அரசும் நகராட்சியும் செலவு யாருதுன்னு சண்டை. கடைசியில் அவங்களைக் கூட்டிட்டுப் போய் ஹால்ல படுக்க வச்சது கறுப்பின மக்களோட சர்ச்சுகள். அதுக்கடுத்து 2024 நவம்பர்ல, காத்திருப்புப் பட்டியல் நீண்டு போச்சுன்னு, அஞ்சு பேர் குழுவோட புது விண்ணப்பங்களையும் அரசு நிறுத்தி வச்சது. கையெழுத்துப் போட ஆள் இருந்தும் காகிதம் இல்லை.

அதனால அந்தச் சமூகக் கூடத்து மேஜையை இப்போ வேற மாதிரி பார்க்கிறேன். ஸ்பான்சர் இருக்கிற குடும்பத்துக்குக் கோட்டு எப்படியும் வந்துரும். யாரும் கையெழுத்துப் போடாத ஆள்தான் அந்த மேஜைக்கு வரிசையில் வர்றான். அவனுக்குக் கிடைக்கப் போறது அந்த ஒரு கோட்டு மட்டும்தான். ஜிப் பாதியில நின்னா, அந்தக் குளிர்காலம் பூரா அவனுக்கு அது பாதியிலதான் நிக்கும். அந்த அம்மா எனக்காக இழுத்துப் பார்க்கலை, அவனுக்காக இழுத்துப் பார்த்தாங்க.

2016-ல், 30 வருஷம் கழிச்சு, அந்த 155 பேர்ல சிலர் நியூஃபவுண்ட்லாந்துக்குத் திரும்பப் போய் டால்டனைப் பார்த்துட்டு வந்தாங்க. அன்னிக்கு அவர் யார் எந்த வழியா வந்தாங்கன்னு விசாரிச்சுட்டு ஏத்திக்கலை. படகு தண்ணியில நிக்குதா, ஆள் உயிரோட இருக்கா. அவ்வளவுதான் பார்த்தார்.

ஜாக்கெட் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? டெய்லர் கடையில புது ஜிப் போட்டேன். ஜாக்கெட் இப்போ இருக்கிற மதிப்பை விட ஜிப் கூலி அதிகம் :-( அடுத்த சனிக்கிழமை திரும்ப எடுத்துட்டுப் போனேன். அதே அம்மா. என்னை அடையாளம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கலை. ஜிப்பை மேலே இழுத்தார், கழுத்து வரைக்கும் போச்சு. கீழே இறக்கி இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் மடிச்சு, 'ஆண்கள், மீடியம்'னு எழுதியிருந்த பெட்டிக்குள்ள வச்சுட்டு, அடுத்து நின்னவரைப் பார்த்தார்.

டிஸ்கி: உங்க ஊர்ல இந்த மாதிரி சேகரிப்புக்குப் போன அனுபவம் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டலாம், ஆட்டோ மட்டும் வேண்டாம்.